மனியாக்கெஸ் கலகம் செய்தாரா, கலகத்துக்குள் தள்ளப்பட்டாரா?

ஜனவரி 11 (வாசகர் கேள்வி)

பைசாந்தியப் பேரரசின் 11ஆம் நூற்றாண்டு வரலாற்றைப் படித்தால், தளபதிகள் ஒருவர் பின் ஒருவராகக் கலகத்தில் இறங்குவதைக் காண்கிறோம். அவர்களுள் ஜார்ஜ் மனியாக்கெஸைப் பற்றி மட்டும், அரண்மனைப் பொறாமைக்குப் பலியான மாவீரர் என்று பரிவோடு எழுதுகிறார்கள். தன் பேரரசருக்கு எதிராகப் படை நடத்தி 1043இல் மாண்ட ஒருவரை அப்படிச் சொல்வது முறையா? அவர் கலகக்காரர் இல்லையென்றால் வேறு யார்தான் கலகக்காரர்?

ஜனவரி 11, இரவு

முறைதான். மனியாக்கெஸ் அரியணைக்கு ஆசைப்பட்டுக் கிளம்பியவர் அல்லர். இரண்டு முறை வென்றுகொண்டிருந்த நேரத்தில் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். முதல் முறை பணிந்தார், சிறைக்குப் போனார். இரண்டாம் முறை பணிந்தால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. விரிவாக நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 12

முதலில் அவர் எங்கிருந்து வந்தார் என்பதைப் பார்க்க வேண்டும். அக்காலத் தளபதிகளில் பலர் அனடோலியாவின் பெருநிலக்கிழார் குடும்பங்களில் பிறந்தவர்கள்; ஃபோக்காஸ், ஸ்க்லெரோஸ் போன்ற குடும்பப் பெயரே அவர்களுக்குப் பாதி பதவியைப் பெற்றுத் தந்துவிடும். மனியாக்கெஸுக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. அவரை நேரில் கண்ட வரலாற்றாசிரியர் மிகாயேல் செல்லோஸ், அவர் மூட்டை சுமப்பவர்களிடையே தொடங்கி, கொம்பூதுபவராகவும் கட்டியம் கூறுபவராகவும் இருந்து, படிப்படியாகப் படைத்தலைமைக்கு ஏறியவர் என்று எழுதுகிறார். அவரைப் பார்க்க மலையுச்சியைப் பார்ப்பதுபோல் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்ததாம், குரல் இடி, கைகள் கோட்டைச் சுவரை அசைக்கத் தக்கவை. செல்லோஸ் ஓர் அரண்மனை மனிதர், படைவீரர்கள்மேல் அவருக்குப் பெரிய காதல் கிடையாது. அவரே இவ்வளவு வியந்திருக்கிறார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அவருடைய பெயர் முதலில் வெளிப்பட்டது ஒரு தோல்வியின் நடுவில். 1030 ஆகஸ்டில் பேரரசர் மூன்றாம் ரோமானோஸ் அலெப்போவின்மேல் படையெடுத்துச் சென்று, அசாஸ் அருகே வெட்கப்படும்படி சிதறி ஓடினார். அப்போது மனியாக்கெஸ், தெலூக் என்ற சிறிய எல்லை ஊரின் ஆளுநர். பேரரசரின் பாளையத்தைக் கொள்ளையடித்துத் திரும்பிய 800 அரபுக் குதிரைவீரர்கள் அவருடைய கோட்டை வாயிலில் நின்று, உன் பேரரசர் பிடிபட்டுவிட்டார், விடிந்ததும் கோட்டையை விட்டு வெளியேறு என்றார்கள். அவர் பணிந்தவர்போல் காட்டிக்கொண்டு அவர்களுக்கு உணவும் மதுவும் அனுப்பிவைத்தார். நள்ளிரவில் அவர்கள் மயங்கிக் கிடந்தபோது வெளியே வந்து அனைவரையும் வெட்டிச் சாய்த்தார். கொள்ளைப்பொருள் ஏற்றிய 280 ஒட்டகங்கள் அவர் கைக்கு வந்தன. கொல்லப்பட்டவர்களின் மூக்கையும் காதையும் அறுத்துக் கப்படோக்கியாவில் தங்கியிருந்த பேரரசரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார் என்று ஸ்கிலிட்செஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதுகிறார்.

அதற்குப் பரிசாக யூப்ரடீஸ் எல்லைப் பகுதியின் தலைமை கிடைத்தது. சமோசாத்தா அவருடைய இருப்பிடமாயிற்று. அங்கிருந்து 1031இல் எடெஸ்ஸாவைப் பிடித்தார். இன்று துருக்கியில் ஷான்லூர்ஃபா என்று அழைக்கப்படும் நகரம் அது. கோட்டைப் பொறுப்பில் இருந்தவரைப் பரிசுகளாலும் வாக்குறுதிகளாலும் வசப்படுத்தி, நள்ளிரவில் மூன்று கோபுரங்களுக்குள் நுழைந்து, பின்னர் சூழ்ந்துகொண்ட பெரும்படையை எதிர்த்து அக்கோபுரங்களிலேயே தாக்குப்பிடித்தார். அந்நகரிலிருந்து ஆண்டுதோறும் 50 பவுண்டு பொன் பேரரசருக்குப் போய்ச் சேர்ந்தது. இயேசுவின் திருமுகம் பதிந்த புனிதத் துணியையும் அப்போதுதான் அவர் கான்ஸ்டான்டிநோபிளுக்கு அனுப்பினார்.

ஜனவரி 12, பின்னிரவு

மேலே கடைசியாக எழுதியது தவறு. அந்தத் துணி 944இலேயே எடெஸ்ஸாவிலிருந்து தலைநகருக்குப் போய்விட்டது. மனியாக்கெஸ் அனுப்பியது எடெஸ்ஸாவின் பழைய மன்னன் அபகாருக்கு இயேசு எழுதியதாக நம்பப்பட்ட கடிதம். இரண்டும் ஒரே நகரத்தின் புனிதப் பொருள்கள் ஆதலால் குழப்பிக்கொண்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 14

இனி சிசிலி. என் வாதம் முழுவதும் இந்தத் தீவின்மேல்தான் நிற்கிறது.

சிசிலி பைசாந்தியத்திடமிருந்து அரபியர்களிடம் 9ஆம் நூற்றாண்டில் போனது; சிராகூஸ் 878இல் வீழ்ந்தது. 1030களில் அங்கே அமீருக்கும் அவருடைய சகோதரருக்கும் இடையே போர் மூண்டு, வட ஆப்பிரிக்காவின் ஸிரித் மரபினரும் அதில் நுழைந்துவிட்டார்கள். நான்காம் மிகாயேல் பேரரசராக இருந்த 1038இல், இதுவே தருணம் என்று மனியாக்கெஸின் தலைமையில் படை அனுப்பப்பட்டது. அந்தப் படையின் சேர்க்கையே ஒரு தனிக் கதை. அனடோலியாவின் வீரர்கள், தென் இத்தாலியில் திரட்டப்பட்டவர்கள், சலெர்னோவின் இளவரசர் அனுப்பிவைத்த சில நூறு நார்மன் குதிரைவீரர்கள், பிற்காலத்தில் நார்வேயின் மன்னராகப் போகும் ஹரால்டின் கீழ் வராங்கியர்கள் எனப்பட்ட வடநாட்டுக் கூலிவீரர்கள். இத்தனை மொழிக்காரர்களையும் ஓரணியில் நிறுத்தி நடத்தத் தெரிந்தவர் அன்று பேரரசில் வேறு எவரேனும் இருந்திருப்பார்களா என்று எனக்கு ஐயம்.

மெசினா வீழ்ந்தது. ரொமெத்தாவில் வெற்றி. ஊர் ஊராகக் கிழக்குக் கரை அவர் கைக்கு வந்தது. சிராகூஸும் வந்தது, அங்கே அமீரைத் தனிச் சண்டையில் வீழ்த்தியதால்தான் நார்மன் வீரர் வில்லியமுக்கு ‘இரும்புக்கை’ என்ற பெயர் வந்தது என்பார்கள். சிராகூஸில் புனித லூசியாவின் உடலைக் கண்டெடுத்து மனியாக்கெஸ் தலைநகருக்கு அனுப்பினார் என்பது மரபு. 1040இல் எட்னா மலைக்கு மேற்கே ட்ரோயினாவில் ஆப்பிரிக்கப் படை முற்றாக முறிந்தது. 160 ஆண்டுகளாகக் கைவிட்டுப்போன ஒன்று, பாதியேனும், இரண்டே ஆண்டுகளில் மீட்கப்பட்டது.

இந்த இடத்தில்தான் ஸ்தெஃபனோஸ் வருகிறார். அவர் கடற்படைத் தலைவர். பேரரசரின் சகோதரி மரியாவின் கணவர். அதற்கு முன்பு கப்பல்களின் பலகை இடுக்குகளில் கீல் பூசி அடைக்கும் தொழில் செய்தவர். தொழிலை வைத்து நான் அவரைத் தாழ்த்தவில்லை, மனியாக்கெஸும் மூட்டை சுமந்து வந்தவர்தானே. ஆனால் ஒருவர் களத்தில் ஏறினார், மற்றவர் மைத்துனர் உறவால் ஏறினார். கரையைக் காத்து நில், எதிரித் தலைவரைக் கடல்வழியே தப்பவிடாதே என்று சொல்லியிருந்தும், ட்ரோயினாவில் தோற்ற அப்துல்லா கரைக்கு வந்து சிறு படகேறி ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டார். மனியாக்கெஸ் கொதித்துப்போய் ஸ்தெஃபனோஸைத் தலையில் அடித்து, கோழை, பேரரசரின் காரியத்தைக் காட்டிக்கொடுத்தவன் என்று ஏசினார். ஸ்தெஃபனோஸ் தலைநகருக்கு ஒரு கடிதம் எழுதினார்: மனியாக்கெஸ் கலகம் செய்யத் திட்டமிடுகிறார்.

அந்தக் கடிதம் போதுமானதாக இருந்தது. ஆட்சியை உண்மையில் நடத்திவந்த பேரரசரின் அண்ணன், அரவாணரான (ஆண்மை நீக்கப்பட்டவரான) யோவான், அதை நம்பினார் அல்லது நம்ப விரும்பினார். வென்ற தளபதி விலங்கிடப்பட்டுக் கான்ஸ்டான்டிநோபிளில் சிறையில் அடைக்கப்பட்டார். தலைமை ஸ்தெஃபனோஸுக்கே போயிற்று. மெசினாவைத் தவிர மீட்டதெல்லாம் கைநழுவியது. அந்த நகரை மட்டும் கடகலோன் கெக்கௌமெனோஸ் சிறு காவற்படையோடு காத்து நின்றார்.

கேள்வி கேட்டவருக்குச் சொல்கிறேன்: 1040இல் மனியாக்கெஸிடம் வென்ற படை இருந்தது, தீவு இருந்தது, பொன்னும் இருந்தது. கலகக்காரர் என்றால் அன்றே கிளம்பியிருக்க வேண்டும். அவர் கையை நீட்டி விலங்கை வாங்கிக்கொண்டார்.

ஜனவரி 15

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். ஸ்தெஃபனோஸை அடித்ததை ஒரே வரியில் கடந்துபோயிருக்கிறேன். அது சரியில்லை. பேரரசரின் மைத்துனரைப் படையினர் முன்னிலையில் அடித்த ஒருவர், அதன் விளைவு வரும் என்பதை அறியாதவராக இருந்திருக்க முடியாது. கடிதம் பொய்தான், ஆனால் அந்தப் பொய்யை எழுதும் காரணத்தை எதிராளிக்குக் கொடுத்தவர் அவரே. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; அந்தக் கை திரும்ப வரும்.

ஜனவரி 17

ஒருவர் அர்துயினின் குதிரையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. நார்மன்கள் பைசாந்தியத்தை விட்டுப் பிரிந்ததற்குச் சொல்லப்படும் கதை அது. லொம்பார்தியரான அர்துயின் போரில் ஒரு நல்ல குதிரையைக் கைப்பற்றினார். தளபதி அதைக் கேட்டார். அவர் தர மறுத்தார். தளபதி அவரைச் சவுக்கால் அடிக்கச் செய்து குதிரையைப் பிடுங்கிக்கொண்டார். அவமானம் தாங்காத அர்துயின் நார்மன்களைத் திரட்டிக்கொண்டு தென் இத்தாலியில் போர் தொடங்கினார்.

அந்தத் தளபதி யார் என்பதில்தான் சிக்கல். நார்மன்களின் வரலாற்றை எழுதிய மலத்தெர்ரா அது மனியாக்கெஸ் என்கிறார். கிரேக்க மொழியில் எழுதிய ஸ்கிலிட்செஸோ, மனியாக்கெஸ் இருந்தவரை நார்மன்கள் மனநிறைவோடு இருந்தார்கள், பின்னர் இத்தாலிக்கு வந்த மிகாயேல் தூக்கெயானோஸ்தான் மாதச் சம்பளத்தை நிறுத்தினார், அதைக் கேட்கப் போன அர்துயினைச் சவுக்கால் அடித்தார் என்கிறார். மனியாக்கெஸின்மேல் பரிவுள்ள எனக்கு ஸ்கிலிட்செஸ் சொல்வதே உவப்பாக இருக்கிறது. எனக்கு உவப்பாக இருப்பதால் அது உண்மையாகிவிடாது என்றும் தெரிகிறது. ஸ்தெஃபனோஸை அடித்தவர் அர்துயினை அடித்திருக்க மாட்டார் என்று எந்த முகத்தோடு சொல்வேன்? ஆனாலும் ஒரு காரணத்தால் ஸ்கிலிட்செஸ் பக்கமே சாய்கிறேன். மனியாக்கெஸிடம் இருந்த மேலைநாட்டு வீரர்களில் ஒரு பகுதியினர் கடைசிவரை அவரோடு போனார்கள். அதைப் பின்னால் எழுதுவேன்.

ஹரால்டைப் பற்றிய ஐஸ்லாந்துக் கதைகளிலும் மனியாக்கெஸ் வருகிறார், ‘கிர்கிர்’ என்ற பெயரில். அங்கே இருவருக்கும் கூடாரம் அடிக்கும் மேட்டு நிலம் யாருக்கு என்பதில் சண்டை. சீட்டுப் போட்டுப் பார்த்ததில் ஹரால்டு தந்திரமாக வென்றுவிடுகிறார். கதையில் கிர்கிர் ஏமாறும் ஆள். உண்மையில் நடந்ததோ இல்லையோ, அவரோடு இணங்கிப்போவது எளிதல்ல என்ற நினைவு வடக்கே ஐஸ்லாந்துவரை போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஜனவரி 18

சில ஆண்டுகளுக்கு முன்பு சிராகூஸுக்குப் போயிருந்தேன். ஒர்த்திஜியா என்ற சிறு தீவின் முனையில், மூன்று பக்கமும் கடல் அலைக்க, ‘கஸ்தெல்லோ மனியாச்சே’ நிற்கிறது. மனியாக்கெஸ் கட்டிய கோட்டை என்றே நினைத்துக்கொண்டு போனேன். நுழைவாயிலில் அவரைப் பற்றி நினைத்து நெஞ்சு விம்ம நின்றிருந்தேன். உள்ளே போய் விவரப் பலகையைப் படித்த பிறகுதான், அந்தக் கட்டடம் 1230களில் இரண்டாம் ஃபிரெடெரிக் எழுப்பியது என்பது தெரிந்தது. பெயர் மட்டுமே மனியாக்கெஸுடையது.

முதலில் ஏமாற்றம்தான். கடற்காற்றில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தபோது அது மாறிவிட்டது. ஒரு மனிதர் அந்தத் தீவில் இருந்தது ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். அவருக்குப் பின் அரபியர் மீண்டும் ஆண்டார்கள், நார்மன்கள் வந்தார்கள், ஜெர்மானிய அரச மரபு வந்தது. 200 ஆண்டுகள் கழித்து வேறொருவர் கட்டிய கோட்டைக்கும் ஊர் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறது. ட்ரோயினாப் போர்க்களத்துப் பக்கம், ப்ரோந்தேக்கு அருகில் மனியாச்சே என்றே ஓர் ஊர் உண்டு. அங்கே அவர் பெயரில் எழுந்த மடமும் நிலங்களும் 1799இல் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் நெல்சனுக்குப் பரிசாக அளிக்கப்பட்டன. சிசிலியை வென்று தந்தவருக்குக் கான்ஸ்டான்டிநோபிளில் கிடைத்தது சிறை.

ஜனவரி 21

அவர் சிறையில் இருந்த காலத்தில் இத்தாலியில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1041இல் மட்டும் நார்மன்கள் பைசாந்தியப் படையை மூன்று முறை தோற்கடித்தார்கள்: மார்ச்சில் ஒலிவெந்தோ, மே மாதத்தில் மொந்தேமஜ்ஜோரே, செப்டம்பரில் மொந்தேபெலோசோ. டிசம்பரில் நான்காம் மிகாயேல் இறந்தார். அடுத்து வந்த ஐந்தாம் மிகாயேல், மேலே சொன்ன ஸ்தெஃபனோஸின் மகன். அவர் ஆண்டது 4 மாதத்துக்குச் சற்று மேல் மட்டுமே. 1042 ஏப்ரலில் தலைநகர மக்கள் கிளர்ந்தெழுந்து அவரை அகற்றி, சோயி, தியோடோரா என்ற அரசமரபுச் சகோதரிகளை அரியணையில் அமர்த்தினார்கள்.

மனியாக்கெஸை விடுவித்தது யார்? ஐந்தாம் மிகாயேல் என்று சிலரும் சோயி என்று சிலரும் எழுதியிருக்கிறார்கள். தன் தந்தையை அடித்தவரை மகன் விடுவித்தார் என்றால், அது அந்த இளைஞரைப் பற்றி நல்லதாகச் சொல்லக்கூடிய மிகச் சில செய்திகளுள் ஒன்றாகும். யார் விடுவித்திருந்தாலும் காரணம் ஒன்றுதான், வேறு ஆள் இல்லை. 1042 வசந்தத்தில் அவர் இத்தாலியின் ஆளுநராகத் தாராந்தோவில் வந்திறங்கினார்.

இங்கே நான் தயங்குகிறேன். இதை எழுதாமல் விட்டால் இந்த விவாதத்துக்கு நேர்மை இருக்காது. தென் இத்தாலியின் அபூலியாவில் அவர் செய்தது கொடுமை. மொனோபோலியிலும் மத்தேராவிலும், நார்மன்களோடு உடன்பாடு செய்துகொண்ட குற்றத்துக்காக ஊர்மக்களைத் தலை வெட்டினார், மரங்களில் தூக்கிலிட்டார், உயிரோடு புதைத்தார், குழந்தைகளும் தப்பவில்லை என்று நார்மன் பக்கத்துக் கவிதை வரலாறு சொல்கிறது. பகைவர் எழுதியதுதானே என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் தெலூக்கில் அறுத்த மூக்குகளையும் காதுகளையும் எழுதியவர் பகைவர் அல்லர். முன்பு அதை நான் ஒரு வீரச் செயலாகவே சொல்லிப் போனேன். 1030இல் தூங்கும் படைவீரர்கள், 1042இல் ஊர்மக்கள்.

ஜனவரி 22

இப்போது ஸ்க்லெரோஸ் விவகாரம். என் கருத்தில் கலகத்தின் வேர் இதுதான்: ஒரு நிலத்தகராறு.

அனடோலியாவில் மனியாக்கெஸின் நிலங்களுக்கு அண்டையில் ரோமானோஸ் ஸ்க்லெரோஸ் என்ற பெருங்குடியினரின் நிலங்கள் இருந்தன. இருவருக்கும் இடையே தகராறு முற்றி, ஒருமுறை மனியாக்கெஸ் அவரைக் கொல்லவே முனைந்தார். ஸ்க்லெரோஸ் ஓடித் தப்பினார். அது ஆறாத புண்ணாக இருந்தது. 1042 ஜூனில் சோயியை மணந்து ஒன்பதாம் கான்ஸ்டான்டைன் பேரரசரானார். அவருடைய காதற்கிழத்தி மரியா, ரோமானோஸ் ஸ்க்லெரோஸின் உடன்பிறந்தவர். அவ்வளவுதான், காற்றுத் திசை மாறிவிட்டது. மனியாக்கெஸ் இத்தாலியில் போர் செய்துகொண்டிருக்க, ஸ்க்லெரோஸ் அவருடைய ஊர்களைச் சூறையாடினார், அவருடைய மனைவியைக் கெடுத்தார், அரண்மனையில் சொல்லி ஆளுநர் பதவியிலிருந்தும் இறக்கவைத்தார்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வரப்புத் தகராறு இருந்தது. இரண்டு முழ நிலம். எதிர்த்தரப்பாரின் சம்பந்தி ஒருவர் அதிகாரத்துக்கு வந்த அன்றே, அதுவரை வாய் பேசாதிருந்தவர்கள் எங்கள் கிணற்றடியில் வந்து நின்றார்கள். அப்பா அப்போது வெளியூரில் வேலையில் இருந்தார். செய்தி போய்ச் சேர்ந்து அவர் பதில் வருவதற்குள் வேலி இடம் மாறிவிட்டது. தொலைவில் இருந்துகொண்டு தன் வீட்டுக்கு நடந்ததைக் கேள்விப்படும் மனிதரின் முகம் எப்படி இருக்கும் என்பதை நான் அப்போது பார்த்தேன். ஆகவே மனியாக்கெஸின் கலகத்தை அரசியலாக மட்டும் பார்க்க என்னால் முடிவதில்லை.

இன்னொன்று. இந்த ரோமானோஸும் மரியாவும் பர்தாஸ் ஸ்க்லெரோஸின் வழிவந்தவர்கள். 976இலும் 987இலும் இரண்டாம் பசிலுக்கு எதிராகக் கலகம் செய்த அதே பர்தாஸ். கடைசியில் 989இல் பணிந்து வந்த முதியவரிடம், இனிக் கலகம் எழாமல் ஆள்வது எப்படி என்று பேரரசர் கேட்டார். தளபதிகள் எவரையும் மிகுந்த வளம் பெற விடாதே, வரிகளால் அவர்களை வாட்டித் தம் வீட்டுக் கவலையிலேயே மூழ்கியிருக்கச் செய், அரண்மனைக்குள் பெண்ணின் செல்வாக்கை அனுமதிக்காதே என்று அவர் சொன்னதாகச் செல்லோஸ் எழுதுகிறார். அரை நூற்றாண்டு கழித்து அவருடைய வழித்தோன்றலான பெண்ணே அரண்மனைக்குள் செல்வாக்குப் பெற்று, அவருடைய வழித்தோன்றலான ஆண் ஒரு தளபதியைக் கலகத்துக்குத் தள்ளினார்.

ஜனவரி 23

புதிய ஆளுநராக வந்தவர் பர்தோஸ். 1042 இலையுதிர் காலத்தில் பொன்னோடும் ஆணையோடும் ஒத்ராந்தோவில் இறங்கினார். அவருக்கு நேர்ந்தது கொடியது: பிடித்து, வாயிலும் மூக்கிலும் காதிலும் குதிரைச் சாணத்தைத் திணித்துக் கொன்றார்கள். அவர் கொண்டுவந்த பொன்னைப் படைக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, மனியாக்கெஸ் தன்னைப் பேரரசர் என்று அறிவித்துக்கொண்டார்.

செல்லோஸ் இதை வேறு கோணத்தில் சொல்கிறார். சினமுற்றிருக்கும் தளபதியை ஆற்ற வல்லவர்களை அனுப்பியிருக்க வேண்டும். பேரரசர் அனுப்பியவர்களோ அவரைக் கொல்வதற்கோ கடிந்துகொள்வதற்கோ வந்தவர்களைப்போல நடந்துகொண்டார்கள். தலைவர் முன்னறிவிப்பின்றிக் குதிரையில் நேரே வந்து நின்று, ஆறுதலாக ஒரு சொல்லும் சொல்லாமல் ஏசத் தொடங்கினார். மனியாக்கெஸ் கையை ஓங்கினார், அடிக்க அன்று, அச்சுறுத்த. உடனே அவர், கலகக்காரன் என்பது உறுதியாகிவிட்டது என்று கூவினார்.

நான் ஒரு பாலம் கட்டும் பணியிடத்தில் மேற்பார்வையாளனாக இருந்தபோது, தூண்கள் எழும்பி முடியும் தறுவாயில் ஒரு காலையில் புதியவர் ஒருவர் வந்து இறங்கி, சாவிகளைக் கொடுங்கள் என்றார். எனக்கு ஒரு தாளும் வந்திருக்கவில்லை. என் கீழ் வேலை செய்த அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கை நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது. நான் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்து வெளியேறினேன். என்னால் அப்படி வர முடிந்தது, ஏனென்றால் வெளியே எனக்குச் சிறை காத்திருக்கவில்லை, வீட்டை எவரும் சூறையாடியிருக்கவில்லை. பர்தோஸுக்குச் செய்யப்பட்டதை எதுவும் நியாயப்படுத்தாது. அந்தக் காலை எப்படிப்பட்டது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஜனவரி 26

இந்த இடத்தில் கேள்வி கேட்டவர் ஒரு நல்ல அடி கொடுத்திருக்கிறார்: கான்ஸ்டான்டைன் மன்னிப்புக் கடிதம் அனுப்பினாரே, அதை ஏன் ஏற்கவில்லை?

ஆம், அனுப்பினார். ஆயுதங்களைக் கீழே வைத்தால் உனக்கும் உன் படைக்கும் தீங்கில்லை என்று எழுதினார். மனியாக்கெஸ் அதைப் பொருட்படுத்தாமல் 1043 தொடக்கத்தில் அட்ரியாட்டிக் கடலைக் கடந்து திர்ராக்கியோனில் இறங்கினார். முதல் நாள் நான் எழுதிய ‘அரியணைக்கு ஆசைப்பட்டவர் அல்லர்’ என்ற வாக்கியத்தை இதோடு எப்படிப் பொருத்துவது என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். மன்னிப்பை அவர் நம்பியிருக்க இயலாது என்பது என் முதல் விடை. 1040இல் நம்பிப் பணிந்தவருக்குக் கிடைத்தது விலங்கு. ஆனால் கடலைக் கடந்தபின் அது தற்காப்பு அன்று. இத்தாலியிலேயே தங்கியிருந்தால் தற்காப்பு எனலாம்.

கெக்கௌமெனோஸ் எழுதிய அறிவுரை நூலில் ஒரு கருத்து வரும்: கான்ஸ்டான்டிநோபிளில் அமர்ந்திருக்கும் பேரரசரே எப்போதும் வெல்கிறார். கலகம் எழும்போது எந்தப் பக்கமும் சேராதே, தலைநகர்ப் பேரரசர் பக்கமே நில் என்று மக்களுக்குச் சொல்கிறார். மெசினாவைக் காத்த அனுபவசாலி சொன்னது என்பதால் இதற்கு மதிப்பு அதிகம்.

ஜனவரி 26, சிறிது நேரம் கழித்து

திருத்தம். நூலாசிரியர் கெக்கௌமெனோஸ் வேறு, மெசினாவைக் காத்த கடகலோன் கெக்கௌமெனோஸ் வேறு. குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த பிழை. இந்த நூலாசிரியர் ஹரால்டையும் அறிந்தவர். மனியாக்கெஸ் காலத்துச் சிசிலிப் போரில் ஹரால்டு பணியாற்றிப் பட்டங்கள் பெற்றதை எழுதியிருக்கிறார்.

பிப்ரவரி 2

போர்க்களம் ஒஸ்த்ரோவோ. இன்று வடகிரேக்கத்தில் அர்னிஸ்ஸா என்ற ஏரிக்கரை ஊர். திர்ராக்கியோனிலிருந்து தெசலோனிக்கைக்குப் போகும் பழைய எக்னாதியா பெருவழியில் இருக்கிறது. பேரரசர் தன் படைக்குத் தலைவராக அனுப்பியவர் ஸ்தெஃபனோஸ் என்ற அரவாணர் (சிசிலியில் கண்ட ஸ்தெஃபனோஸ் அல்லர், வேறொருவர்), போர்க்களத்தில் பெயர் பெற்றவர் அல்லர். வென்ற தளபதி இன்னொரு மனியாக்கெஸ் ஆகிவிடுவாரோ என்ற அச்சமே அந்தத் தேர்வுக்குக் காரணம்.

மனியாக்கெஸ் வழக்கம்போல முன்வரிசையில் நின்றார். இடிக்குரலோடு அவர் பாய்ந்த இடமெல்லாம் பேரரசரின் அணிகள் உடைந்தன. அவருடைய வீரர்கள் அவரைப் பேரரசர் என்று முழங்கினார்கள். போர் முடிந்துவிட்டது போலவே இருந்தது. அப்போது வலது விலாவில் ஆழமான ஒரு காயம். முதலில் அவர் அதை உணரவில்லை. இரத்தம் வழிவதைப் பார்த்துக் கையால் அழுத்திக்கொண்டார், பாளையத்துக்குத் திரும்ப முயன்றார், உடல் கேட்கவில்லை, கண் இருண்டு, கடிவாளம் நழுவி, குதிரையிலிருந்து சரிந்தார். விழுந்து கிடந்தவரை நெருங்கவும் எதிரிகள் அஞ்சினார்கள் என்று செல்லோஸ் எழுதுகிறார், சூழ்ச்சியாக இருக்குமோ என்று. பிறகுதான் ஓடிவந்து தலையை அறுத்தார்கள். அந்தக் காயத்தை உண்டாக்கியவர் யார் என்பது எவருக்கும் தெரியவில்லை.

தலைநகரில் வெற்றி ஊர்வலம். பிடிபட்டவர்களைத் தலைமுடி மழித்து, கழுதைகளில் பின்புறம் நோக்கி அமர்த்தி, கழுத்தில் அழுக்குகளைச் சுற்றி நடத்தினார்கள். ஈட்டி முனையில் மனியாக்கெஸின் தலை. அரண்மனையின் கல்கே வாயிலருகே சோயிக்கும் தியோடோராவுக்கும் நடுவில் கான்ஸ்டான்டைன் அமர்ந்து அதைப் பார்த்தார். பின்னர் அந்தத் தலையைக் குதிரைப் பந்தய அரங்கின் உச்சியில் தொங்கவிட்டார்கள்.

அதே ஆண்டு கோடையில், வென்று வந்த ஸ்தெஃபனோஸின்மீதும் சதிக் குற்றம் சாட்டப்பட்டது. சொத்துகளைப் பறித்துக்கொண்டு அவரைத் துறவியாக்கினார்கள். பாதுகாப்பானவர் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கும் வெற்றிக்குப் பின் கிடைத்தது இதுதான்.

பிப்ரவரி 3

‘தள்ளப்பட்டார்’ என்று முதல் நாள் உறுதியாகச் சொன்னேன். இப்போது அந்தச் சொல்லைப் பாதியாகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கடற்படைத் தலைவர் ஸ்தெஃபனோஸ், ஸ்க்லெரோஸ், பர்தோஸ் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் முதலில் ஓங்கியது அவருடைய கை. ஆனால் ஓங்கிய கைக்குத் தண்டனையாக ஒரு தீவையும் ஒரு மாகாணத்தையும் இழக்கத் துணிந்தது அரண்மனை. நார்மன்கள் 1071இல் பாரியையும் 1072இல் பலெர்மோவையும் பிடித்தார்கள். பைசாந்தியம் இத்தாலிக்குள் மீண்டும் வேரூன்றவே இல்லை. கேள்வி கேட்டவர் இன்னும் ‘கலகக்காரர்’ என்றே சொல்வேன் என்கிறார். 1043 தொடக்கத்துக்குப் பிறகு என்று சேர்த்துக்கொண்டால் எனக்கு மறுப்பில்லை.

பிப்ரவரி 9

பின்னால் எழுதுவேன் என்று சொன்னது மிச்சம் இருக்கிறது. இத்தாலியிலிருந்து அவரோடு கடல் கடந்த மேலைநாட்டு வீரர்கள், அவர் இறந்தபின் ஊர் திரும்பவில்லை; பேரரசின் படையிலேயே சேர்ந்துகொண்டார்கள். அவர்களை ‘மனியாக்கெஸின் ஆட்கள்’ என்றே அழைத்தார்கள், அவர் பெயரிலேயே ஒரு படைப்பிரிவுக்குரிய சொல் வழங்கியது. 1078இல் நிக்கெஃபோரோஸ் ப்ரியென்னியோஸ் என்ற இன்னொரு தளபதி அரியணைக்காகக் கிளர்ந்தெழுந்து, கலவ்ரியே என்ற இடத்தில் அலெக்சியோஸ் கொம்னெனோஸை எதிர்த்து நின்றார். அவருடைய வலது அணியில் 5,000 பேர். அந்த அணியைப் பட்டியலிடும்போது, இத்தாலியர்களோடு சேர்த்து, புகழ்பெற்ற மனியாக்கெஸின் படையிலிருந்து வந்தவர்கள் என்றும் அலெக்சியோஸின் மகள் அன்னா எழுதுகிறார். ஒஸ்த்ரோவோ நடந்து 35 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆதலால் அவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளாகவே இருந்திருக்க வேண்டும். அன்றும் அவர்கள் நின்றது கலகம் செய்த தளபதியின் பக்கம். ப்ரியென்னியோஸ் பிடிபட்டார், அவருடைய கண்களைக் குருடாக்கினார்கள்.